சல்மாவின் பாதிக் கணக்கு

ஒரு மூச்சின் விலை பன்னிரண்டரை கியாட்.

சிரிக்காதீர்கள். இது பர்மாவில், யாங்கோன் நகரத்து லான்மடாவ் பஜாரில் லுங்கிக் கடை வைத்திருக்கும் அப்துல் பாரியின் மகள் உம்மு சல்மா போட்ட கணக்கு. அவளுக்குப் பதினோரு வயது. கணக்கில் அவளை ஏமாற்றக்கூடிய ஆள் அந்தத் தெருவில் இன்னும் கடை திறக்கவில்லை.

நீல நிற இன்ஹேலர் ஒன்று இரண்டாயிரத்து ஐந்நூறு கியாட். அதை இருநூறு தடவை அழுத்தலாம். அழுத்தினால் மருந்து 'புஸ்' என்று வாய்க்குள் போகும். விசிலடித்துக்கொண்டிருந்த நெஞ்சு கொஞ்ச நேரத்தில் அமைதியாகும். இரண்டாயிரத்து ஐந்நூறை இருநூறால் வகுத்தால் பன்னிரண்டரை. அந்தக் காசுக்கு அங்கே அரைச் சமோசாகூடக் கிடைக்காது.

சல்மாவுக்கு ஆஸ்துமா. ஐந்து வயதில் வந்தது. வந்த விருந்தாளி போகவே இல்லை. நெஞ்சுக்குள்ளே ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொண்டது.

ஆனாலும் அந்தக் கடையில் சல்மாவைப் போல வாடிக்கையாளரைக் கூப்பிட ஆள் இல்லை. வாசலில் நின்று ஒரே மூச்சில் பாடுவாள்:

"அமரபுரா பருத்தி, இன்லே பட்டு, கச்சின் கட்டம், ரக்காய்ன் கோடு, துவைச்சாலும் சாயம் போகாது, தூக்கிப் போட மனசு வராது, உள்ளே வாங்க, விலை கேளுங்க, கேக்கறதுக்குக் காசில்லை!"

பாதி பர்மியத்தில், பாதி தமிழில். நடுவில் மூச்சு வாங்கக் கூடாது. வாங்கினால் ஆள் நடந்து போய்விடுவார்.

பேரத்தையும் வாப்பாதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்.

"சல்மா, நிஜமான நம்பரை முதல்ல சொல்லவே கூடாது. நாம விக்கும்போது ரெண்டு மடங்கு சொல்லணும். வாங்க வர்றவங்க பாதி சொல்லுவாங்க. ரெண்டு பேரும் நடுவுல சந்திச்சு டீ குடிக்கணும்."

"நிஜமான நம்பரையே சொல்லிட்டா என்ன வாப்பா?"

"சொன்னா அதுலயும் பாதி கேப்பாங்க மகளே! இன்னொண்ணு. தேவை முகத்துல தெரியக் கூடாது. தெரிஞ்சா விலை போச்சு."

நல்ல பாடம்தான். கடைக்குள் இருக்கும்வரை.

ஏப்ரல் மாதம், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், சல்மாவை லத்தா பகுதியில் இருக்கும் டாக்டர் ரெபேக்காவிடம் வாப்பா கூட்டிப் போனார். டாக்டர் தமிழ்க்காரர்தான். ஆனால் யாங்கோனில் பெண் டாக்டரையும் டீச்சரையும் எல்லாருமே 'ஸயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ராத்திரி இருமி எழுந்திருக்கிறியா சல்மா? வாரத்துக்கு எத்தனை நாள்?" என்று ஸயாமா கேட்டார்.

உண்மையில் நாலு நாள். சல்மாவின் வாய், பழக்கத்தில், பாதியைச் சொன்னது.

"ரெண்டு."

"நீல இன்ஹேலர் ஒரு நாளைக்கு எத்தனை அழுத்து?"

உண்மையில் ஆறு.

"மூணு."

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்ட உடனே முழு நம்பரை எடுத்து நீட்டுகிற ஆளை அவள் பார்த்ததே இல்லை.

"மூணே ஜாஸ்திதான்" என்று சொல்லி ஸயாமா காவி நிற இன்ஹேலர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். "காலையில ரெண்டு அழுத்து, ராத்திரி ரெண்டு. தினமும். இழுப்பு இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி. இழுத்து முடிச்சதும் வாய் கொப்பளிக்கணும்."

வாப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார். பேரம் பேசும்போது அவர் அப்படித்தான் உட்காருவார்.

"ரெண்டு ரெண்டு வேணாம் ஸயாமா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. முடிச்சுக்குவோம்."

"பாரி பாய், இது லுங்கி இல்ல."

"சரி, உங்க பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். ஒண்ணரை!"

அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து ஸயாமா சிரித்துவிட்டார். வாப்பாவோ அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பஜாரில் பேரம் அப்படித்தான் முடியும்.

ஸயாமா ஒரு தாளில் மூன்று வரி எழுதி சல்மாவிடம் கொடுத்தார்.

"நீலம் அழுத்தியும் நாலு மணி நேரம் தாங்கலைன்னா. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சுல பேச முடியலைன்னா. மூச்சு இழுக்கும்போது கழுத்துக் குழியும் விலாவும் உள்ளே போச்சுன்னா. இந்த மூணுல ஒண்ணு வந்தாலும் உடனே இங்க வந்துடணும். ராத்திரின்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு. வர்ற வழியிலயும் நீலத்தை விடக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. சல்மா அந்தத் தாளை மடித்துப் பில் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

காவி இன்ஹேலரின் விலை ஐயாயிரம். நீலத்தைப் போல இரண்டு மடங்கு! சல்மா மூன்று நாள் அதை இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே நடக்கவில்லை. 'புஸ்' என்றது, அவ்வளவுதான். நீலம் ஐந்து நிமிடத்தில் வேலையைக் காட்டும். இதுவோ அலமாரியில் தூங்கும் பழைய சரக்கு மாதிரி அசையாமல் இருந்தது.

'இதுக்கு மாசாமாசம் வாப்பா ஐயாயிரம் கொடுக்கணுமா? பாவம்' என்று நினைத்தாள் சல்மா. இழுப்பதை நிறுத்திவிட்டாள். "மருந்து எடுக்கிறியா மகளே?" என்று வாப்பா கேட்டால், "எடுக்கிறேன் வாப்பா" என்று தலையாட்டினாள்.

அரை அழுத்து அழுத்த முடியாது என்பதால், வாப்பா காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பாதியாகக் குறைத்திருந்தார். மகள் மீதியையும் குறைத்துவிட்டாள். இருவருக்கும் நல்ல லாபம் என்றுதான் நினைப்பு.

ஜூலை வந்தது. யாங்கோனில் மழை ஒரு தடவை ஆரம்பித்தால் வீட்டுச் சுவரெல்லாம் வியர்க்கும். சல்மாவின் நீல இன்ஹேலர் வேகவேகமாகக் காலியானது. ராத்திரிகளில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வாப்பாவும் உம்மாவும் விழிக்காதபடி சத்தம் போடாமல் இருமக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை. வாப்பா மூட்டை எடுக்கப் படகுத்துறைக்குப் போயிருந்தார். உம்மா கமருன்னிசா மாடியில் சமைத்துக்கொண்டிருந்தார். கடையில் சல்மா மட்டும். விடியற்காலையில் இரண்டு தடவை, எட்டு மணிக்கு இரண்டு தடவை நீலத்தை அழுத்தியாகிவிட்டது. மணி பத்து. நெஞ்சு மறுபடியும் இறுக ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் தாகேதாவிலிருந்து காளியம்மா வந்து இறங்கினார்.

காளியம்மா வீடு வீடாகப் போய் லுங்கி விற்பவர். பேரத்தில் அவரை வென்றவர் கிடையாது. சமமாக முடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சல்மாவின் வாப்பா. இன்னொருவர் யார் என்று காளியம்மா சொல்ல மாட்டார்.

"எங்க பாரி பாய்?"

"சரக்கு எடுக்கப் போயிருக்காங்க. நான் இருக்கேன்லக்கா."

"நீயா? அப்ப இன்னைக்கு எனக்குத்தான் லாபம்!" காளியம்மா நனைந்த குடையை மடக்கிவிட்டு மேசைக்கு எதிரே பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "முப்பது உருப்படி வேணும். அமரபுரா பருத்தி. என்ன விலை?"

"மூவாயிரத்து இருநூறு."

"ஒரு லுங்கியா? கூடவே வீட்டையும் எழுதிக் கொடுக்கிறீங்களா?"

சல்மா சிரித்தாள். வாப்பா சொல்லிவிட்டுப் போன கடைசி விலை இரண்டாயிரத்து அறுநூறு. அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது. பஜாருக்கு இது பழகிய விஷயம். அடுத்த நிமிடமே தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் 'டடடட' என்று எழுந்தன. நடைபாதையில் வரிசையாக நின்று கரும்புகை கக்கின. மழையில் புகை மேலே போகாமல் கடைகளுக்குள் நுழைந்தது.

"ரெண்டாயிரம்" என்றார் காளியம்மா.

சல்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"அமரபுரா பருத்திக்கா, துவைச்சாலும் சாயம்…" மூச்சு தீர்ந்துவிட்டது. இழுத்துக்கொண்டு, "…போகாது" என்று முடித்தாள்.

இதுவரை அந்தப் பாட்டு நடுவில் நின்றதே இல்லை.

"சாயம் கிடக்கட்டும். ரெண்டாயிரத்து இருநூறு."

சல்மா பேசவில்லை. பேசினால் இருமல் வரும் போலிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு காளியம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

காளியம்மாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. "என்ன புள்ள, அழுத்தமா இருக்க? சரி, ரெண்டாயிரத்து நானூறு."

சல்மா மூச்சை இழுத்தாள். விட்டாள். இழுத்தாள்.

"பேசாமலே ஆளைக் கொல்றாளே! ரெண்டாயிரத்து ஐந்நூறு. உங்க வாப்பாகூட இப்படி ஊமை பேரம் பேசினதில்ல."

சல்மாவுக்கு உள்ளே சிரிப்பாக வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் முந்நூறு ஏறியிருக்கிறது! வாப்பாவிடம் சொன்னால் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்வார். மேசைக்கு அடியில் குனிந்து, காளியம்மாவுக்குத் தெரியாமல், நீலத்தை இரண்டு தடவை அழுத்தினாள்.

"ரெண்டாயிரத்து எழுநூறு!" என்று காளியம்மா மடியிலிருந்த பணப்பையை எடுத்து மேசையில் போட்டார். "இதுக்கு மேல கேட்டா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

எழுநூறு! வாப்பா சொன்னதைவிட நூறு கூட. முப்பது உருப்படிக்கு மூவாயிரம் கூடுதல் லாபம். சல்மா சொல்ல வேண்டியது ஒரு சின்ன வாக்கியம்தான்: 'சரிக்கா, முப்பதையும் எடுத்துக்கோங்க.'

"சரிக்கா, முப்பதை…"

வரவில்லை. அடுத்த சொல்லுக்கு இன்னொரு மூச்சு தேவைப்பட்டது. அதுவும் பாதி வழியில் நின்றது.

சல்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நீலத்தை அழுத்தி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நெஞ்சு கொஞ்சமும் தளரவில்லை. எட்டு மணிக்கு அழுத்தியது பத்து மணி வரைகூடத் தாங்கவில்லை.

'இன்னும் பத்து நிமிஷம். பில்லை மட்டும் போட்டுடலாம். வாப்பா வந்துடுவாங்க' என்று மனசு சொன்னது.

பில் புத்தகத்தைத் திறந்தாள். ஸயாமாவின் தாள் உள்ளே இருந்தது. மூன்று வரி. முதல் வரி வந்துவிட்டது. இரண்டாவது வரியும் வந்துவிட்டது. கையைக் கழுத்துக் குழியில் வைத்துப் பார்த்தாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அது உள்ளே போய்ப் போய் வந்தது.

ஒன்று வந்தாலே போக வேண்டும் என்று ஸயாமா சொல்லியிருக்கிறார். மூன்றும் வந்த பிறகு அவள் பத்து நிமிடம் தள்ளுபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள். யாரிடம்? தாள் பதில் பேசுமா?

தேவை முகத்தில் தெரியக் கூடாது என்பது பாடம். சல்மா அந்தப் பாடத்தை லுங்கி மாதிரி நாலாக மடித்து ஓரமாக வைத்தாள்.

"அக்கா… மூச்சு… முடியல."

காளியம்மாவின் கண்கள் இடுங்கின. இது புது மாதிரி பேரமோ என்று ஒரு நொடி பார்த்தார். அடுத்த நொடி சல்மாவின் கழுத்தைப் பார்த்தார். பணப்பை கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏ கமருன்னிசா! கீழ இறங்கி வா! புள்ளைக்கு மூச்சு வாங்குது!" அந்தக் குரல் ஜெனரேட்டர்களையெல்லாம் தாண்டி மாடிக்குப் போயிருக்க வேண்டும். உம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அல்லாஹ்வே! படுத்துக்கோ மகளே, தைலம் தடவி விடுறேன்."

சல்மா தலையை ஆட்டினாள். படுத்தால் இன்னும் இறுகும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்து, மேசையில் கைகளை ஊன்றிக்கொண்டாள்.

"ஸயாமாகிட்ட… போகணும்."

"போகலாம், போகலாம். வாப்பா வந்துரட்டும், பத்து நிமிஷம்."

"இப்போ."

"அஞ்சே நிமிஷம்மா. அடுப்பை அணைச்சுட்டு, துணி மாத்திக்கிட்டு…"

உம்மாவும் வியாபாரி வீட்டுப் பெண்தான். சல்மா உம்மாவின் கையைப் பிடித்துத் தன் விலாவில் வைத்தாள். அது உள்ளே இழுப்பதை உம்மாவின் விரல்கள் உணர்ந்தன.

"இப்போ உம்மா."

அதற்கு மேல் உம்மா ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை.

"நீங்க கிளம்புங்க. அடுப்பையும் கடையையும் நான் பாத்துக்கிறேன்" என்றார் காளியம்மா. மழையில் இறங்கி, தெருமுனையில் சைக்கா என்ற மூன்று சக்கர வண்டி மிதிக்கும் கோ டுன்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். "லத்தா போகணும். எவ்வளவு வேணும்?"

கோ டுன் வானத்தைப் பார்த்தார். மழை. "ஐந்நூறு" என்றார். முந்நூறுக்கு இறங்கி வர அவர் தயாராகத்தான் இருந்தார்.

"சரி, இந்தா. மிதி!"

கோ டுன்னுக்கு ஒன்றும் புரியவில்லை. பணத்தைப் பார்த்தார். காளியம்மாவைப் பார்த்தார். "உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று அவரையே கேட்டார்.

"எனக்கில்லப்பா, புள்ளைக்கு! மிதிங்கிறேன்ல!"

சைக்கா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. உம்மா குடையைப் பிடித்தார். சல்மா நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஸயாமா சொன்னபடி வழியிலும் ஒவ்வொன்றாக நீலத்தை அழுத்திக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே போகிறோம் என்று தெரிந்த பயம். ராத்திரியில் சுவரோரம் உட்கார்ந்து பட்ட பயத்தைவிட அது சின்னதாக இருந்தது.

டாக்டர் ரெபேக்காவின் கிளினிக்கிலும் மின்சாரம் இல்லை. மருந்தைப் புகையாக்கித் தரும் இயந்திரம் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆனால் மின்சாரத்தை நம்பி வைத்தியம் பார்க்கிற டாக்டர் யாங்கோனில் யார் இருக்கிறார்கள்? ஸயாமா மேசையிலிருந்து ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதன் அடிப்பக்கத்தில் இன்ஹேலர் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருந்தார்.

"பாட்டில் வாயை உன் வாயில வை. நான் ஒரு தடவை அழுத்துவேன். நீ அஞ்சு மூச்சு மெதுவா இழு. பேச வேணாம்."

ஓர் அழுத்து, ஐந்து மூச்சு. ஓர் அழுத்து, ஐந்து மூச்சு. மருந்து தப்பித்துப் போகாமல் பாட்டிலுக்குள் நின்று அவளுக்காகக் காத்திருந்தது. ஸயாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சல்மாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், விரல் நுனியில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். ஒரு மாத்திரையும் கொடுத்தார். இருபது நிமிடம் கழித்து மறுபடியும் பாட்டில்.

மெல்ல மெல்ல நெஞ்சுக்குள் இருந்த விசில் இறங்கியது.

"ஒரு வாக்கியம் பேசு பார்ப்போம்" என்றார் ஸயாமா.

சல்மா யோசித்தாள். "காளியம்மாக்கா ரெண்டாயிரத்து எழுநூறு வரைக்கும் வந்துட்டாங்க!"

ஒரே மூச்சில் வந்தது. உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார் ஸயாமா. "இன்னும் ஒரு மணி நேரம் தள்ளியிருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். யார் கூட்டிட்டு வந்தது?"

"அவளேதான் வந்தா. நான்தான் அஞ்சு நிமிஷம் கேட்டேன்" என்றார் உம்மா மெதுவாக.

கதவு திறந்தது. வாப்பா தொப்பலாக நனைந்து நின்றார். படகுத்துறையிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து இங்கே. இரண்டு ஓட்டம். மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நேராக வந்து அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

ஸயாமா அவருக்கு ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு நோட்டை எடுத்தார்.

"சல்மா, ராத்திரியில எழுந்திருக்கிறது வாரத்துக்கு எத்தனை நாள்?"

'மூணு' என்று நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சல்மா வாயை மூடினாள். அந்த நம்பரை விழுங்கிவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"ஆறு."

வாப்பா நிமிர்ந்தார்.

"நீலம்?"

"ஒரு நாளைக்கு எட்டு. சில நாள் பத்து."

"காவி?"

சல்மா வாப்பாவைப் பார்க்கவில்லை. "சைபர். ஏப்ரல்ல மூணு நாள் இழுத்தேன். அப்புறம் நிறுத்திட்டேன். அது ஒண்ணுமே செய்யல ஸயாமா. மாசம் ஐயாயிரம். வாப்பாவுக்கு எதுக்குச் செலவுன்னு…"

வாப்பா தொண்டையைச் செருமினார். "ஸயாமா, நானும் ஒண்ணு சொல்லணும். அவளுக்கு நான் சொன்னதே ஒண்ணும் ஒண்ணும்தான்."

"ஏன் பாரி பாய்? நான் ரெண்டும் ரெண்டும்னு எழுதிக் கொடுத்தேனே."

"நாங்க குறைச்சுக் கேப்போம்னு தெரிஞ்சு, நீங்க ரெண்டு மடங்கு ஏத்தித்தான் சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

ஸயாமா பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்குச் சிரித்தது போல இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"நான் ஏத்திச் சொல்ற ஆள் இல்ல பாய். உங்க மக ரெண்டு நாள், மூணு அழுத்துன்னு சொன்னா. அதை நம்பி இந்த அளவு எழுதினேன். அதை நீங்க பாதி ஆக்கினீங்க. அவ சைபர் ஆக்கினா. பேரம் நல்லாத்தான் முடிஞ்சிருக்கு. லாபம் மட்டும் யாருக்குன்னு தெரியல."

வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"காவி இழுத்த உடனே ஏன் ஒண்ணும் செய்யல ஸயாமா?" என்று சல்மா கேட்டாள். நெஞ்சு லேசானதும் அவளுக்குள் இருந்த வியாபாரி எழுந்துவிட்டாள். சரக்கின் குணம் தெரியாமல் அவள் எதையும் விட மாட்டாள்.

"மூச்சுக்குழாய் உள்ள வீங்கிக் கிடக்கு. நீலம் அதை அப்போதைக்குத் திறந்து விடும். வீக்கம் அப்படியேதான் இருக்கும். வீக்கத்தைக் குறைக்கிறது காவி. ரெண்டு மூணு வாரம் விடாம இழுத்தாத்தான் அது வேலை செய்யறதே தெரியும்."

சல்மா யோசித்தாள். "அப்போ நீலம், மழை பெய்யும்போது ஒழுகுற இடத்துல வைக்கிற பாத்திரம். காவி, கூரையை அடைக்கிறது."

"மூணு மாசமா நாம பாத்திரமா வாங்கி அடுக்கியிருக்கோம்" என்றார் வாப்பா. அவர் குரல் கொஞ்சம் தேறியிருந்தது.

ஸயாமா புதிதாக எழுதினார். ஐந்து நாளைக்கு மாத்திரை. நாளை மறுநாள் மறுபடியும் வந்து காட்ட வேண்டும். காவி காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, பாட்டில் வைத்து. ராத்திரிக்குள் மறுபடியும் இறுகினால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

வாப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஸயாமாவின் பேனா நின்றது.

"ரெண்டும் ரெண்டும்" என்றார் வாப்பா. "முழுசா. நான் ஒண்ணும் பேசல ஸயாமா. சும்மா எந்திரிக்கத்தான் நகர்ந்தேன்."

மாலையில் வீடு திரும்பியபோது காளியம்மா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஏழு லுங்கி விற்றிருந்தார். அதில் ஒன்றை வாப்பா சொல்கிற விலையைவிட நானூறு கூடுதலாக விற்றிருந்தார்.

"உங்க சரக்கோட அருமை உங்களுக்கே தெரியல பாய்" என்று அவர் வாப்பாவைத் திட்டினார். பிறகு சல்மாவின் கன்னத்தைப் பிடித்தார். "ஏ புள்ள, நீ பேசாம இருந்தது பேரம்னு நினைச்சு நான் ஏத்திக்கிட்டே போனேனே! கொஞ்சம் முந்தி வாயைத் தொறந்திருக்கக் கூடாதா?"

"தொறந்தேன்க்கா. மூச்சுதான் வரல."

அன்றைக்கு முப்பது லுங்கியும் என்ன விலைக்கு முடிந்தது என்று வாப்பாவும் சொல்லவில்லை, காளியம்மாவும் சொல்லவில்லை. இருவரும் டீ குடித்தது மட்டும் சல்மாவுக்குத் தெரியும். வாப்பா அடுத்த நாளே பக்கத்துக் கடைக்காரரிடம் பேசி, அவருடைய ஜெனரேட்டரை நாலு கடை தள்ளி நகர்த்த வைத்தார். அதற்கு ஒரு மணி நேரம் பேரம் பேசினார். அங்கே பேசலாம்.

ஒரு மாதம் கழித்து சல்மா தனியாகவே ஸயாமாவின் அறைக்குள் போனாள். வாப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருக்க?"

சல்மா பதில் சொல்லாமல் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள். ஒரு நம்பர்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. ஸயாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

*முப்பது நாள் கணக்கு.*

*ராத்திரி எழுந்தது: மூன்று. மூன்றும் முதல் வாரத்தில்.*

*நீலம்: ஒன்பது. கடைசிப் பத்து நாளில் சைபர்.*

*காவி இழுக்க வேண்டியது: நூற்றிருபது. இழுத்தது: நூற்றுப் பதினெட்டு.*

*பாக்கி: இரண்டு. காரணம்: அன்று ராத்திரி சீக்கிரமே நன்றாகத் தூங்கிவிட்டேன்.*